தடைப் போட்டி நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

கேள்வி:

வணக்கம். நாங்கள் ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நிஞ்ஜா வாரியர், டகேஷிஸ் காசில் மாதிரியான தடைப் போட்டிகள்தான் ஓடுகின்றன. சீரியலில் வருகிற சண்டையும் சூழ்ச்சியும் இதில் இல்லையே என்று என் கணவர்தான் ஆசையாகப் போட்டுவிடுவார். யாராவது விழுந்தால், "போச்சு, இதுக்கு எதுக்குடா வந்தே" என்று சத்தமாகச் சிரிப்பார். மகனும் அதைப் பிடித்துக்கொண்டான். விழுகிறவர்களை எல்லாம் "வேஸ்ட்" என்கிறான். போன வாரம் கணக்கில் மார்க் குறைந்ததும் தன்னையே "நான் வேஸ்ட்" என்றான். சோபாவிலிருந்து தாவி ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறான். மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஒற்றைக் கையில் தொங்கியதை எதிர்வீட்டுக்காரர் பார்த்து வந்து சொன்னார். மகள், விழுகிற காட்சியைத் திரும்பக் காட்டினால் முகத்தை மூடிக்கொள்கிறாள். "பொண்ணுங்களால இதெல்லாம் முடியாதாம்மா?" என்றும் கேட்கிறாள். என் மாமியாரோ, "அடுத்தவன் விழறதைப் பார்த்துச் சிரிக்கறது ஒரு பொழுதுபோக்கா?" என்று தினமும் எழுந்து போய்விடுகிறார். இதை வீட்டோடு உட்கார்ந்து பார்க்கலாமா, இல்லை நிறுத்திவிடவா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரியே தொடரவும் வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் இன்றைக்கே, இதைப் படித்து முடிப்பதற்குள் கூடச் செய்யலாம். தண்ணீர்த் தொட்டி ஏணிக்குப் போகிற மாடிக் கதவைப் பூட்டி, சாவியை மகன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் மாமியார் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே சமயம், நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே ரகம் அல்ல. அவருடைய குறை ஒன்றுக்கு முழுதாகப் பொருந்தும், மற்றதற்குப் பாதிதான் பொருந்தும்.

டகேஷிஸ் காசில் ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் 1986 முதல் 1990 வரை வந்தது. நகைச்சுவை நடிகராகவும் பின்னர் திரைப்பட இயக்குநராகவும் பெயர் பெற்ற டகேஷி கிடானோதான் அந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரப் பிரபு. ஒவ்வொரு முறையும் நூறு பேரளவில் கிளம்புவார்கள். குளத்துக் கல்லில் கால் வைத்தால் சில கற்கள் அமிழ்ந்து போகும், மேட்டிலிருந்து ராட்சத உருண்டை உருண்டு வரும், கதவென்று நினைத்து மோதினால் சுவராக இருக்கும். கோட்டை வரைக்கும் போய்ச் சேர்வது கையால் எண்ணிவிடக்கூடிய சிலர்தான். வந்தவர்கள் பயிற்சி எடுத்த வீரர்கள் அல்ல, சாதாரண ஆட்கள். விழவைத்துச் சிரிக்க வைப்பதுதான் நோக்கம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

நிஞ்ஜா வாரியர் வேறு. 1997 இல் அதே டிபிஎஸ் நிறுவனம் சசுகே என்ற போட்டியைத் தொடங்கியது. யோகோஹாமாவில் மிடோரியாமா என்ற இடத்தில் தடைகளை அமைத்து, முறைக்கு நூறு பேர் வீதம் நான்கு கட்டமாக ஓடவிடுகிறார்கள். அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர் 2009 இல் அதிலிருந்து கிளைத்தது. இங்கே வருகிறவர்கள் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். தடைகள் கடினமானவைதான், ஆனால் ஏமாற்றுகிறவை அல்ல. பிடியின் பலம், தோளின் பலம், தூரக் கணக்கு, பதற்றத்தை அடக்கத் தெரிவது ஆகியவற்றைத்தான் சோதிக்கின்றன. இந்த வகைப் போட்டி இப்போது ஒலிம்பிக் வரைக்கும் போய்விட்டது. ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த மாடர்ன் பென்டத்லான் என்ற ஒலிம்பிக் போட்டியில் குதிரையேற்றம் 2024 பாரிஸோடு முடிந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் அந்த இடத்துக்குத் தடை ஓட்டம் வருகிறது. ஆகவே உங்கள் மகன் வியந்து பார்ப்பது ஒரு நிஜமான விளையாட்டை. அந்த ஆசையை மட்டம் தட்டாதீர்கள்.

இனி சிரிப்புக்கு வருவோம். டகேஷிஸ் காசில் உலகம் சுற்றிய கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நம் நாட்டில் போகோ சேனலில் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு வந்து, குழந்தைகளின் கொண்டாட்டமாக இருந்தது. அதே ஜப்பானியக் காட்சிகளை 2003 இல் அமெரிக்காவில் ஒரு சேனல் எடுத்து, முழுக்கப் புது வசனம் போட்டு, இரட்டை அர்த்தப் பேச்சு நிறைந்த, பெரியவர்களுக்கான நிகழ்ச்சியாக ஓட்டியது. விழுந்த ஆள் அதே ஆள், விழுந்த குளமும் அதே குளம். பின்னணிக் குரல் மாறியதும், குழந்தைகள் பார்க்கக்கூடிய ஒன்று குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடியாத ஒன்றாகிவிட்டது.

உங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு வர்ணனை ஓடிக்கொண்டிருக்கிறது. அது உங்கள் கணவருடையது. ஆங்கில வர்ணனை உங்கள் பிள்ளைகளுக்குப் பாதிதான் புரியும். அப்பாவின் குரல் முழுதாகப் புரியும். அதுவும் அவர்களுக்கு மிகப் பிடித்த மனிதரின் குரல். "இதுக்கு எதுக்குடா வந்தே" என்று அவர் சொல்லும்போது திரையில் இருக்கும் யாரோ ஒருவரைத்தான் சொல்கிறார், விளையாட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் ஒன்பது வயதுப் பையன் அதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: முயற்சி செய்து முடியாமல் போனால் அப்பா சிரிப்பார், முடியாதவன் வந்தே இருக்கக்கூடாது. கணக்கு மார்க் குறைந்த அன்று அவன் தன்னைத் தானே வர்ணனை செய்துகொண்டான். உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்த வரி அதுதான். ஜன்னல் கம்பியை விட, ஏணியை விட, இந்த "நான் வேஸ்ட்" என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏணியைப் பூட்டிவிடலாம், இதைப் பூட்ட முடியாது.

கணவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிற அப்பா கிடைப்பதே பெரிய விஷயம். இந்தக் கடிதத்தை அவரும் படிக்கட்டும். அவர் மாற்ற வேண்டியது மிகச் சிறியது. ஓடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: "இவருக்கு எந்த இடம் கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறே?" விழுந்த பிறகு ஒரு கேள்வி: "கை வழுக்கிடுச்சா, தூரத்தைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டாரா, அவசரப்பட்டுட்டாரா?" ஆளைப் பற்றிய பேச்சு அங்கே செயலைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். பையன் "வேஸ்ட்" என்றால் அதட்ட வேண்டாம். "எந்த இடத்துல விட்டாரு, பார்த்தியா?" என்று கேட்டால் போதும். பிள்ளைகள் துப்பறிவதில் மிகக் கெட்டிக்காரர்கள். ஒரு வாரத்தில் அவனே "இடது கையை முன்னாடி கொண்டு போயிருக்கணும்ப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவான். அதே கேள்வி அடுத்த கணக்குப் பரீட்சைத் தாளுக்கும் உதவும். எத்தனை மார்க் என்பதற்கு முன்னால், எந்தப் படியில் விட்டான் என்று சேர்ந்து பாருங்கள்.

சிரிக்கவே கூடாதா என்று கேட்பார். சிரிக்கலாம். கிருஷ்ண ஜெயந்தி சமயத்தில் ஊரில் வழுக்குமரம் ஏறுவதை உங்கள் மாமியாரும் பார்த்திருப்பார். எண்ணெய் தடவிய மரத்தில் இளவட்டங்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, பாதியில் சரிந்து, மேலே தண்ணீர் வேறு பீய்ச்சி அடிக்க, ஊரே சிரிக்கும். அங்கே விழுந்தவனும் சிரிக்கிறான், உடனே மறுபடி ஏறவும் செய்கிறான். கூட்டத்தில் யாரும் அவனை எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. அவன் மேலே போய்விட வேண்டும் என்றுதான் எல்லோரும் கத்துகிறார்கள். அப்பத்தா வருத்தப்படுவது இந்தச் சிரிப்பைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். உங்கள் கூடத்தில் கேட்கும் சிரிப்பில் அந்த ஆதரவு இல்லாததுதான் அவரை எழுந்து போக வைக்கிறது. அவரிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

தோல்வியைப் பற்றிச் சொல்ல இந்தப் போட்டியை விட நல்ல வாய்ப்பு தொலைக்காட்சியில் கிடைப்பது அரிது. 1997 இல் தொடங்கி 2020 முடிவதற்குள் சசுகே 38 முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 3,800 முயற்சிகள். நான்கு கட்டத்தையும் முடித்தவர்கள் நான்கே பேர். அதில் யூஜி உருஷிஹாராவும் யூஸுகே மோரிமோடோவும் இரண்டு முறை முடித்தவர்கள். முதலில் முடித்தவர் கசுஹிகோ அகியாமா. 1999 இல் முடித்தார், நண்டு பிடிக்கும் தொழிலில் இருந்தவர், கண்பார்வையும் அவருக்குக் குறைவு. 2006 இல் முடித்த மகோடோ நாகானோவும் மீனவர்தான், படகிலேயே பயிற்சி எடுத்தவர். உருஷிஹாரா செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். தீயணைப்பு வீரர் ஒருவரும் பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவரும் ஒருமுறை கூட முழுதாக முடிக்காமலே வருடா வருடம் வந்து ஜப்பான் முழுக்க அன்பைச் சம்பாதித்தார்கள்.

இதைப் பையனிடம் கதையாகச் சொல்லுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, ராத்திரியில் பயிற்சி எடுத்து, ஒரு வருடம் காத்திருந்து, முதல் தடையிலேயே தண்ணீரில் விழுந்து, அடுத்த வருடம் மறுபடி வருகிறவர்கள் அவர்கள். "இவங்க எல்லாரும் வேஸ்ட்டாடா?" என்று கேட்காதீர்கள், அது குத்திக் காட்டுவதாகிவிடும். கதையைச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

இன்னொரு நல்ல கதை 2015 அமெரிக்கப் போட்டி. இறுதிக் கட்டத்தில் 75 அடிக் கயிற்றை 30 விநாடிக்குள் ஏற வேண்டும். அதுவரை அங்கே ஒருவரும் முழுதாக முடித்ததில்லை. முதலில் ஏறிய ஜெஃப் பிரிட்டன், கேமராமேன் வேலை பார்ப்பவர், நேரத்துக்குள் முடித்துவிட்டார். அடுத்து ஏறிய ஐசக் கால்டியரோ, ஓட்டலில் மேஜை துடைக்கும் வேலையில் இருந்த மலையேற்றக்காரர், சுமார் மூன்றரை விநாடி முன்னதாக முடித்தார். பத்து லட்சம் டாலரும் கால்டியரோவுக்குப் போனது. வரலாற்றில் முதலில் முடித்தவருக்கு அதில் பங்கில்லை. இது நியாயமா? சாப்பாட்டு மேஜையில் இதைப் போட்டுப் பாருங்கள். உங்கள் மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், அப்பத்தா ஒரு பக்கம் நின்று வாதாடுவார்கள். சேர்ந்து பார்ப்பதன் பயனே இந்த மாதிரிப் பேச்சுதான்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். "பொண்ணுங்களால முடியாதா?" என்று ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை கேட்டால், "அதெல்லாம் முடியும்டா" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது. அவள் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள். அந்தப் போட்டிகளில் பெண்கள் குறைவாகவே முடிக்கிறார்கள் என்பது உண்மை. பருவ வயதுக்குப் பிறகு ஆண்களுக்குத் தோளிலும் கையிலும் தசை கூடுகிறது. தடைகளுக்கு நடுவே இருக்கும் தூரமும் நீளக் கைகளுக்குச் சாதகமாக இருக்கிறது. இதை மறைக்காமல் எளிமையாகச் சொல்லிவிட்டு, அடுத்து கேசி கடன்சாரோவைக் காட்டுங்கள். ஐந்தடி உயரமே உள்ள ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 2014 இல் டாலஸ் நகரில், தன்னைப் போல மூன்று மடங்கு உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவான, மேலே போகப் போக முன்னால் வளைந்து நிற்கும் சுவரில் ஓடி ஏறி, நகர அளவிலான இறுதிச் சுற்றை முழுதாக முடித்த முதல் பெண் ஆனார். 2016 இல் ஜெஸ்ஸி கிராஃப், சினிமாவில் சண்டைக் காட்சிக் கலைஞர், லாஸ் வேகாஸில் நடக்கும் தேசிய இறுதியின் முதல் கட்டத்தை முடித்த முதல் பெண். இவர்கள் ஓடிய காட்சிகளைத் தேடி எடுத்து, அவளுக்கென்று ஒருநாள் போடுங்கள்.

பருவ வயதுக்கு முன் பையனுக்கும் பெண்ணுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. உடம்பு லேசாக இருந்தால் தொங்குவதும் ஏறுவதும் சுலபம். உங்கள் மகள் அண்ணனை விட அதிக நேரம் கம்பியில் தொங்கினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அவள் வயதுக்கு ஏற்றது அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர் ஜூனியர். 2018 இல் தொடங்கியது, 9 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் இருவர் இருவராகப் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஓடுகிறார்கள். மனிதன் தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்க்கும்போதுதான் "என்னாலும் முடியும்" என்ற நம்பிக்கை வலுப்படுகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1970-களில் விளக்கினார். குழந்தைக்குத் தன்னைப் போன்ற ஒருவர் என்றால் இன்னொரு குழந்தைதான். அந்த ஜூனியர் போட்டியில் ஜெயித்து வளர்ந்த வான்ஸ் வாக்கர் 2023 லும் 2024 லும் பெரியவர்கள் போட்டியை வென்றார். சின்ன வயதில் செரிப்ரல் பால்சி, அதாவது உடல் அசைவைப் பாதிக்கிற மூளைக் குறைபாடு, இருப்பதாகக் கண்டறியப்பட்டவர் அவர். இந்தக் கதை மகன், மகள் இருவருக்குமே தேவை.

அவள் முகத்தை மூடிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு விழுகையை மூன்று கோணத்தில், மெதுவாக, மறுபடி மறுபடி காட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு அது ஒரே சம்பவம். சின்னக் குழந்தைக்கு அந்த மனிதர் மூன்று முறை அடிபட்டதாகத் தோன்றலாம். விழுந்தவர் எழுந்து, தண்ணீரை உதறிக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போகிற காட்சி வரும் வரை சேனலை மாற்றாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். "பாரு, எழுந்துட்டார்" என்று காட்டுங்கள். அவள் அப்படியும் எழுந்து போனால் போகட்டும். "பயந்தாங்கொள்ளி" என்ற வார்த்தை மட்டும் அண்ணன் வாயிலிருந்து வரவிடாதீர்கள்.

அடுத்தது ஜன்னல் கம்பி. பார்த்ததைக் குழந்தை செய்து பார்க்கும் என்பதை 1960-களின் தொடக்கத்திலேயே இதே பண்டுரா ஸ்டான்ஃபோர்டில் காற்றடைத்த பொம்மையை வைத்துச் செய்த சோதனைகளில் காட்டினார். பெரியவர் அந்தப் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தங்கள் முறை வந்தபோது அதையே செய்தார்கள். உங்கள் பையன் அடங்காதவன் என்றோ சேட்டைக்காரன் என்றோ முடிவு கட்ட வேண்டாம். அவன் வயதுக்கு உரியதைத்தான் செய்கிறான். ஆனால் திரையில் தெரியாத பாதியை அவனிடம் நீங்கள் காட்ட வேண்டும். அந்தத் தடைகளை முதலில் பரிசோதிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். தண்ணீரின் ஆழம் கணக்குப் போட்டு வைத்தது, விழும் இடத்தில் தடித்த மெத்தை, ஓரத்தில் மருத்துவக் குழு. இத்தனை இருந்தும் விபத்து நடக்கிறது. சசுகே முதலில் இடம்பெற்றிருந்த கின்னிகு பன்சுகே என்ற மூல ஜப்பானிய நிகழ்ச்சி, போட்டியாளர்கள் படுகாயம் அடைந்த பிறகு 2002 இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் வைப்அவுட் நிகழ்ச்சியில் 2020 இல் ஒருவர் ஓடி முடித்த பிறகு உடல்நலம் குன்றி இறந்தே போனார், அவருக்கு இதய நோய் இருந்தது பிறகு தெரிந்தது. பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்ல வேண்டாம். அப்பா, அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் இருப்பது வேறு: சிமெண்ட் தரை, பழைய திருகில் நிற்கிற கம்பி, மாடியின் கைப்பிடிச் சுவர், மூடி சரியில்லாத சம்ப், தோட்டத்துக் கிணறு. இதில் எதன் மேலும் ஏறவோ தாவவோ தொங்கவோ கூடாது என்பதைக் கறாராகச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் விளக்குங்கள், ஆனால் பேரம் கிடையாது. தெரியாத தண்ணீரில் குதிப்பதும் அப்படித்தான். திரையில் அவர்கள் விழுவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தண்ணீர் என்றாலே மெத்தை என்ற எண்ணம் வந்துவிடும். வாய்க்காலும் குட்டையும் உள்ள உங்கள் பகுதியில் இது லேசான விஷயமே இல்லை. இன்னொன்று: சேலை, துப்பட்டா, கொடிக்கயிறு எதையும் கட்டித் தொங்கி விளையாடவிடாதீர்கள். கழுத்தில் சுற்றிக்கொண்டால் சத்தம் போடக்கூட அவகாசம் இருக்காது.

தடுத்துவிட்டு மட்டும் நிறுத்தினால் அவன் உங்களுக்குத் தெரியாமல் செய்வான். தடுத்ததற்கு ஈடாக ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து பதினேழு வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளி விட்டு வந்து டியூஷன் போகிற நம் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கிறது? பார்க்கில் தொங்கி நகர்கிற கம்பி இருந்தால் அங்கே கூட்டிப் போங்கள். கீழே மண்ணோ மணலோ இருக்கட்டும். அப்பா பக்கத்தில் நிற்கட்டும். இறங்கும்போது இரண்டு காலும் ஒன்றாகப் படும்படி, முழங்காலை மடக்கி இறங்க முதலில் பழக்குங்கள், ஏறுவது அப்புறம். இடுப்பு உயரத்துக்கு மேலிருந்து குதிப்பதில்லை என்று வீட்டுச் சட்டம் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் என்றால் தரையோடு தரையாக ஒரு தடைப் பாதை போடுங்கள். நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து, தலையணைகளைத் தாண்டி, தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டில் ஒற்றைக் காலில் போய், தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரும்ப வருவது. நேரம் பார்க்கிற வேலையை அப்பத்தாவிடம் கொடுங்கள். அண்ணனையும் தங்கையையும் மோதவிடாதீர்கள். அவரவர் நேற்றைய நேரத்தோடுதான் அவரவருக்குப் போட்டி. நிஞ்ஜா வாரியரில் எனக்கு மிகப் பிடித்தது இந்த அம்சம்தான். எதிராளியைத் தள்ளிவிட்டு ஜெயிக்க அங்கே வழியில்லை, எதிரில் இருப்பது தடை மட்டும்தான். அதனால் ஒருவர் ஓடும்போது மற்றப் போட்டியாளர்கள் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தி ஊக்கம் கொடுக்கிறார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். நிறையப் பேர் கவனிக்காமல் விட்டுவிடுவது அதைத்தான்.

மற்ற நிகழ்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. டகேஷிஸ் காசிலை எப்போதாவது ஒருநாள் பார்க்கலாம், தினப்படி வேண்டாம். வைப்அவுட்டில் விழுந்தவரைக் கேலி செய்வதே வர்ணனையாக இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது இருக்கிற நிலைமையில் அது வேண்டவே வேண்டாம். தரையை எரிமலைக் குழம்பு என்று வைத்து விளையாடும் ஃப்ளோர் இஸ் லாவா பார்க்கக் கலகலப்பானதுதான், ஆனால் அது சோபா, அலமாரி, மேஜை என்று வீட்டுச் சாமான்கள் மேல் தாவுவது. உங்கள் மகனுக்கு அது நேரடி அழைப்பு, இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். கொரியாவின் பிசிகல் 100 பெரியவர்களுக்கு உரியது, அதில் ஆளும் ஆளும் மோதுகிறார்கள். 2021 இல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய சர்வைவர் மாதிரியானவற்றில் தடைப் போட்டி ஒரு பகுதிதான். மீதி நேரமெல்லாம் கூட்டணியும் முதுகுக்குப் பின்னால் பேசுவதும். உங்கள் கணவர் தவிர்க்க நினைக்கிற சீரியல் அங்கே வேறு வழியாக வந்துவிடுகிறது. ஓடிடியில் எதைப் போட்டாலும் தொடக்கத்தில் வருகிற யு, யுஏ 7+, யுஏ 13+ என்ற வயதுக் குறியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சாப்பாட்டு நேரத்திலிருந்து இதை நகர்த்திவிடுங்கள். விறுவிறுப்பில் பிள்ளைகள் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்றே தெரியாமல் விழுங்குகிறார்கள், படுக்கப் போகும்போதும் அந்தப் படபடப்பு அடங்குவதில்லை. வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம், ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்திலிருந்து பத்து வயது வரை எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. பள்ளி வேலைக்கு மொபைலைப் பார்ப்பது, யூடியூப் எல்லாம் போக இதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

உங்கள் மகன் "நான் வேஸ்ட்" என்பதை இனி எத்தனை முறை, எந்தச் சமயத்தில் சொல்கிறான் என்று கவனித்து வையுங்கள். கேட்டதும் பதறி மறுக்காதீர்கள், "எதை நினைச்சு அப்படிச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். வீட்டு வர்ணனை மாறி ஒரு மாதம் ஆன பிறகும் அந்த வார்த்தை வந்தால், அல்லது அவன் பள்ளிக்குப் போகத் தயங்கினால், சாப்பாடு தூக்கம் குறைந்தால், தொலைக்காட்சியோடு இதற்குச் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். பிறகு ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். மகள் அந்தக் காட்சிகளை நினைத்து ராத்திரியில் பயந்து எழுந்தால், அவளுக்கு மட்டும் சில மாதம் இதை நிறுத்திவிட்டு ஜூனியர் போட்டியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

இந்த வாரம் பார்க்கும்போது எதைப் போடுவது என்று மாமியாரிடம் கேளுங்கள். நாகானோ என்ற மீனவர் கடைசிக் கயிற்றில் ஏறுகிற 2006 ஆம் வருடத்துப் பகுதியை நான் பரிந்துரைக்கிறேன்.